நாற்பதாம் நாள்: கப்பலில் சத்தம் நின்ற காலை

உவர்மலை வாசி
ஓகஸ்ட் 2, இரவு 8.40

கடந்த மார்ச் மாதம் சிங்கப்பூரில் ஏறி, ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கிய கப்பற் பயணத்தைப் பற்றி எழுதும்படி இக்களத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். போர்ட் லூயிசையும் கேப் டவுனையும் பற்றி எழுத என்னைவிடத் திறமையானவர்கள் பலர் இருக்கிறார்கள். படங்களும் வேண்டிய அளவு கிடைக்கின்றன. நான் எழுத விரும்புவது 41 நாள் பயணத்தின் நாற்பதாம் நாளைப் பற்றி மட்டுமே. அன்று கப்பல் எந்தத் துறையையும் தொடவில்லை, காற்று வீசவில்லை, சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ஆயினும் ஊர் திரும்பி மூன்று மாதமாகியும் மனத்தில் அடிக்கடி வருவது அந்த நாள்தான்.

பயணத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலண்டனில் வாழும் என் தமக்கையார் தமது எழுபதாவது வயதில் ஒரு நெடும்பயணம் போக வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்துவந்தார். துணைக்கு என்னை அழைத்தார். 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், சுயஸ் வழியை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிப் போகும் பயணம் அது. அதனால் 3,000 கடல் மைலுக்கும் மேல் தூரம் கூடியது. எனக்குக் கூடியது கடல் நாட்கள். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியனுக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை.

எங்கள் அறை கப்பலின் பின்பக்கத்தில், கீழ்த்தட்டில் இருந்தது. அக்கா எங்கள் அம்மாவின் பித்தளை மூக்குப்பேணியை, அதாவது பக்கத்தில் மூக்கு வைத்த குடிகலத்தை, கொண்டுவந்திருந்தார். இரவில் பால்மா கரைத்துக் குடித்துவிட்டு, கழுவி, கரண்டியையும் அதனுள் போட்டு மேசையில் வைப்பார். கப்பல் ஓடும் இரவுகளிலெல்லாம் அந்தக் கரண்டி பேணியின் விளிம்பில் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் அது என்னை உறங்க விடவில்லை. பின்னர் அது இருந்ததையே மறந்துவிட்டேன்.

லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட இரண்டாவது விடியலில், ஏறத்தாழ நான்கு மணிக்கு, அந்தச் சத்தம் நின்றது. நின்றதனால் விழித்தேன். எழுந்து திரையை விலக்கினேன், அக்காவும் விழித்திருந்தார், "துறை வந்துவிட்டதா?" என்று கேட்டார். துறையும் இல்லை, விளக்கும் இல்லை. கப்பல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் இருந்தது பிஸ்கே விரிகுடாவில். அந்தக் குடாவைப் பற்றி முப்பத்தொன்பது நாளும் எல்லோரும் எங்களை அச்சுறுத்தியிருந்தார்கள். அத்திலாந்திக்கின் நெடுந்தூர அலைகள் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து 200 மீற்றருக்கும் குறைந்த கண்டமேடையில் ஏறும் இடம் என்று நானே வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அந்த இடம் அன்று நமது திருகோணமலை உட்துறைமுகத்தைப் போலக் கிடந்தது.

விடிந்த பின் பார்த்தால் நீரின் நிறம் மாறியிருந்தது. முதல் நாள் மாலை கருநீலமாக இருந்த கடல், காலையில் பாசி படிந்த பச்சையாக இருந்தது. அறைத் தொலைக்காட்சியின் வரைபடத்தில், முதல் நாள் மணிக்கு 16 கடல் மைலாக இருந்த வேகம் 12 ஆகக் குறைந்திருந்தது. முற்பகலில் பிரான்சின் உஷாந்த் தீவுக்கு மேற்கே வட அகலக்கோடு 48½ பாகையைக் கடந்தோம் என்று கப்பல் தலைவர் அறிவித்தார். திருகோணமலை 8½ பாகையில் இருக்கிறது. இடையில் சரியாக நாற்பது பாகை. பாகைக்கு அறுபது கடல் மைல் என்றால், வடக்குத் தெற்காக மட்டும் 2,400 கடல் மைல். நாற்பதாம் நாளில் நாற்பது பாகை என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அதை இரசிக்கவில்லை.

கொழும்பில் கப்பல் நின்றபோது வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்த தேசிக்காய் ஊறுகாயின் கடைசித் துண்டை அன்று மதியம் முடித்தோம். தம்முடைய பொருட்களை ஏற்கெனவே அடுக்கத் தொடங்கியிருந்த அக்கா, கப்பலின் கோப்பையிலேயே பால் குடித்துவிட்டு மேல்தட்டில் போர்வையுடன் அமர்ந்தார். நாற்பது நாள் ஒரே மேசையில் உண்டும் பெயர் கேட்டிராத சிலர் அன்று முகவரி எழுதித் தந்தார்கள். நன்றாகப் பழகிய வேறு சிலரோ, ஏற்கெனவே இறங்கிவிட்டவர்களைப் போல எங்களைக் கடந்து போனார்கள். கப்பல் முழுவதும் ஒருவரும் ஒன்றும் செய்யாத நாள் அது.

இரண்டு கேள்விகள் உள்ளன. நடுக்கடலில் அந்தச் சத்தம் ஏன் நின்றது? கடலுக்குப் போகிற உங்களுக்கும் கரை சேருவதற்கு முந்திய நாள் இப்படித்தான் இருக்குமா?


சல்லிக் கரை
ஓகஸ்ட் 2, இரவு 10.15

மாஸ்டர், இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போய்வந்தவன். மூன்று வாரத்துக்கு மேல் கடலில் கிடந்திருக்கிறோம். கரைக்கு முந்திய நாள் எங்கள் படகும் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு வகை அமைதி. ஒவ்வொருவனும் வாய் திறக்காமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். டீசலுக்கு எவ்வளவு, ஐஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுச் சாமானுக்கு எவ்வளவு. அதெல்லாம் கழிந்து, படகுக்காரருக்கு உரியது போனபின் நம் பங்கு எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. முதல் கிழமை பிடித்த மீன் ஐஸின் அடியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சண்டை வரும்.

கோணமலை கண்ணில் பட்டதும் பேச்சு வந்துவிடும். அதுவரை கறி காய்ச்சுகிறவன் மட்டுமே பேசுவான், அதுவும் அடுப்போடு. உங்களைப் போலப் போர்வை போர்த்திக்கொண்டு நிறம் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை மாஸ்டர். எங்களுக்கு நிறம் என்பது வலை போடும் இடத்தைச் சொல்லும் அடையாளம். கரைக்குத் திரும்பும் நாளில் அதற்கு வேலை இல்லை.


ரொறன்ரோ தம்பி
ஓகஸ்ட் 3, அதிகாலை 4.02

அருமையான பதிவு ஐயா. இலங்கைக் கடவுச்சீட்டுடன் இத்தனை நாடுகளுக்கும் விசா எடுத்தது எப்படி என்பதையும், மொத்தச் செலவையும் விரிவாக எழுத முடியுமா?


மட்டுறுத்துநர்
ஓகஸ்ட் 3, காலை 7.30

விசா பற்றிய கேள்விகளுக்குப் பயண ஆவணங்கள் பகுதியில் தனி இழை உள்ளது. இங்கே கடல் நாளைப் பற்றி மட்டும் தொடருவோம்.


இயந்திர அறை
ஓகஸ்ட் 3, மாலை 5.50

வணக்கம் சேர். நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். சரக்குக் கப்பல்களிலும் பின்னர் பயணிகள் கப்பல்களிலும் இயந்திரப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கப்பலில் நான் இருந்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் தந்த விவரங்களைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்.

இன்றைய பெரிய பயணிகள் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் டீசல் இயந்திரம், நீருக்குள் கப்பலைத் தள்ளும் சுழல்விசிறியை நேரடியாகச் சுழற்றுவதில்லை. நான்கோ ஐந்தோ டீசல் மின்பிறப்பாக்கிகள் மின்சாரம் தருகின்றன; அந்த மின்சாரமே மோட்டரையும் ஓட்டும், உங்கள் அறை விளக்கையும் எரிக்கும், சமையலறையையும் நடத்தும். மின்பிறப்பாக்கி ஒரே வேகத்தில்தான் ஓடும். 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் தரும் இயந்திரங்கள் பல நிமிடத்துக்கு 514 சுற்று என்ற கணக்கில் ஓடுவன. எனவே அவற்றின் அதிர்வு நாள் முழுவதும் ஒன்றுதான். மாறுவது சுழல்விசிறியின் அதிர்வு. அதன் இதழ் ஒவ்வொன்றும் பின்பக்க அடித்தட்டைக் கடக்கும்போது நீர் தட்டைத் தட்டும். சுற்று வேகத்தை இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் அந்தத் தட்டலின் அதிர்வெண் கிடைக்கும். உங்கள் மேசைக்கென்று ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. இரண்டும் பொருந்திய வேகத்தில் கரண்டி ஆடும், கப்பல் வேகம் குறைந்ததும் பொருத்தம் விலகிவிடும். பாடசாலையில் நீங்கள் அறிந்த பரிவு என்பது இதுவே.

நடு இரவில் வேகம் ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். துறைமுக வழிகாட்டி ஏறும் நேரம் பல மாதங்களுக்கு முன்னரே குறிக்கப்பட்டுவிடும். முந்திப் போனாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பிஸ்கேயில் கடல் குழம்பினால் நேரம் போய்விடும் என்று கப்பல் தலைவர் தொடக்கத்தில் விரைவாக ஓட்டிச் சேமித்து வைத்திருப்பார். குடா அமைதியாக இருந்ததால் சேமித்த நேரம் செலவாகவில்லை. ஆகவே மெதுவாகப் போய் எரிபொருளை மிச்சம் பிடித்திருப்பார்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். நீங்கள் எழுதிய அந்த 48½ பாகை சாதாரணக் கோடு அல்ல சேர். ஆங்கிலக் கால்வாயையும் வடகடலையும் சேர்த்து வரையப்பட்ட கந்தகக் கட்டுப்பாட்டுப் பகுதி உஷாந்துக்கு அருகே அந்த அகலக்கோட்டிலும், மேற்கு நெடுங்கோடு 5 பாகையிலும் தொடங்குகிறது. 2020 முதல் உலகக் கடல்களில் கப்பல் எரிபொருளில் 0.50 வீதம் வரை கந்தகம் இருக்கலாம்; அப்பகுதிக்குள் 2015 முதல் 0.10 வீதமே. புகைபோக்கியில் கழுவும் கருவி பூட்டிய கப்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏனைய கப்பல்கள் கோட்டைத் தொடுவதற்கு முன்பே எரிபொருளை மாற்றி முடித்திருக்க வேண்டும். கன எண்ணெய் நூறு பாகைக்கு மேல் சூடாக்கப்பட்டே இயந்திரத்துக்குள் போகும். இலேசான எண்ணெய் அப்படியல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவசரமாக மாறினால் எண்ணெய்ப் பம்பி இறுகிவிடும். ஆகவே சுமையைக் குறைத்து, வெப்பநிலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மணிக்கணக்கில் மாற்றுவோம். அது பெரும்பாலும் விடியற்காலை வேலை.

கப்பல் முழுவதும் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காலுக்குக் கீழே ஏழெட்டுத் தட்டு இறங்கிப் பார்த்திருந்தால் அந்த வசனத்தை எழுதியிருக்கமாட்டீர்கள்.


பாலையூற்றுப் பெண்
ஓகஸ்ட் 3, இரவு 9.25

இயந்திர அறை அண்ணா மரியாதையாகச் சொல்லிவிட்டார். நான் சற்று நேராகச் சொல்கிறேன், மாஸ்டர் பொறுத்தருள வேண்டும்.

என் கணவர் ஒரு பயணிகள் கப்பலில் அறைப் பணியாளர். கப்பலின் பெயரும் கம்பனியின் பெயரும் வேண்டாம். எட்டு மாதம் போவார், இரண்டு மாதம் வீட்டில் நிற்பார். கப்பலில் வருடத்துக்கு ஒரு அமைதியான நாள்கூடக் கிடையாது என்பார். அதிலும் கடைசிக் கடல் நாள் மிக மோசமானது என்பார். மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள், மத்தியானமே வேறு ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். அதற்குள் தம் பகுதியிலுள்ள எல்லா அறைகளுக்கும் விரிப்பும் தலையணை உறையும் துவாயும் மாற்ற வேண்டும் என்பதால், முதல் நாளே எண்ணிக் கட்டி ஒளித்து வைப்பார்களாம். ஒளித்து வைக்காவிட்டால் அடுத்த பகுதிக்காரர் எடுத்துப் போய்விடுவார். வாசலில் பெட்டிகளைக் குவிப்பது நீங்கள். இரவு இரண்டு மணி வரை அவற்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவது இவர்கள்.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழில் சமவாயத்தின்படி, ஒரு கப்பலாளுக்கு 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணித்தியாலமும் ஓய்வு தரப்பட வேண்டும். பத்து மணி நேர ஓய்வை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு பகுதி ஆறு மணிக்குக் குறையக் கூடாது. என் கணவர் எப்போதும் அந்த இரண்டாகப் பிரித்ததில் வாழ்கிறவர். கடைசிக் கடல் நாளன்று எங்களுக்கு அழைப்பு வராது. மூன்று வயது மகன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு திரிவான். எங்கள் வீட்டில் அமைதியான நாள் என்பது அதுதான்.

நீங்கள் தவறாக நினைத்து எழுதவில்லை என்று தெரியும். ஆனால் உங்கள் பதிவில் அறையைத் துடைத்தவர் ஒருவர்கூட இல்லை.


உவர்மலை வாசி
ஓகஸ்ட் 4, காலை 6.10

பிள்ளை, உமது கோபம் நியாயமானது. "ஒருவரும் ஒன்றும் செய்யாத நாள்" என்ற வசனத்தை அழிக்கலாமா என்று இரவு யோசித்தேன். அழித்தால் இதன்பின் வந்த பதில்கள் அந்தரத்தில் நிற்கும் என்பதால் விட்டுவைக்கிறேன். பிழையென்று ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் பிலிப்பீன்ஸ் நாட்டு இளைஞர். அவரைப் பற்றி எழுதாமல் விட்டது, நான் சொல்ல எடுத்துக்கொண்ட நாளில் அவரை நான் காணாததால்தான் என்று இப்போது விளங்குகிறது. காலையிலும் மாலையிலுமாக நாளுக்கு இரண்டு முறை வருகிறவர் அன்று ஒரே ஒரு முறை, அதுவும் நாங்கள் மேல்தட்டில் இருந்தபோது வந்து போயிருந்தார். நீர் எழுதியதைப் படித்த பிறகே அதன் காரணம் தெரிந்தது.

ஆனால் அவரை முற்றாக மறந்தேன் என்று நினைக்க வேண்டாம். மொரீசியசைக் கடந்த ஒரு நாள், மேசையிலிருந்த மூக்குப்பேணியைக் காட்டி, இது விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதா என்று கேட்டார். அக்கா அதில் நீர் நிரப்பி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துக் காட்டினார். அவர் முயன்றபோது முழு நீரும் சட்டைக் கழுத்துக்குள் போய்விட்டது. கப்பலும் அந்த வேளையில் ஒரு பக்கம் சாய்ந்தது என்று அவருக்காகச் சாட்சி சொல்லலாம். அதன் பின்னர் அவர் பேணியைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் மூக்கு சன்னல் பக்கம் பார்க்கும்படி வைப்பார்.

இயந்திர அறைத் தம்பிக்கு: "பரிவு" என்ற சொல்லை நாங்கள் பௌதிகத்தில் எழுதிவைத்துவிட்டு, தமிழ் வகுப்பில் வேறு பொருளில் படிப்பித்தோம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு சந்தேகம்: ஆழம் குறைந்த கண்டமேடைக்கு ஏறியதாலும் அதிர்வு மாறியிருக்குமா?


இயந்திர அறை
ஓகஸ்ட் 4, மதியம் 1.20

சேர், ஆழம் குறைந்தால் அதிர்வு கூடுமே ஒழியக் குறையாது. கப்பலின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் நீர் நெருக்கப்படும். அதுவும் நமது மூதூர்த் துறைமுனையைப் போன்ற சில மீற்றர் ஆழத்தில்தான் தெரியவரும். 150 மீற்றர் ஆழம் பயணிகள் கப்பலுக்கு ஆழ்கடலேதான். ஆகவே நிறம் மாறியதும் சத்தம் நின்றதும் ஒரே இரவில் நேர்ந்தாலும், ஒன்று மற்றதற்குக் காரணமல்ல.


குடாக்கரை
ஓகஸ்ட் 4, மாலை 6.45

கடலுயிரியல் படித்தவன் என்ற முறையில் நிறத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஆழ்கடலின் மேல்நீரில் உணவுச் சத்து குறைவு. நுண்பாசிகள் குறைவாக இருப்பதால் நீர் கருநீலமாகத் தெரியும். பிஸ்கேயின் வடக்கு விளிம்பில் வற்றுப்பெருக்கு நீரோட்டம் கண்டமேடையின் சரிவில் மோதும்போது, கடலின் உள்ளே, மேற்பரப்பில் தெரியாத பெரிய அலைகள் எழுகின்றன. அவை கீழிருக்கும் சத்து மிகுந்த குளிர்நீரை மேலே கலக்குகின்றன. வசந்தகாலத்தில் வெயிலும் சேர்ந்துகொள்வதால் நுண்பாசி பெருகிக் கடல் பச்சையாகிறது. ஏப்ரல் இறுதி அதற்கு மிகப் பொருத்தமான காலம். மேலே எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்த நீருக்கு அடியில் அவ்வளவு புரட்டல் நடந்திருக்கும்.

நமக்கு இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோணமலைக்கு அருகிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு வெளிக்கடலை நோக்கி இறங்கும்போது ஆயிரம் மீற்றர்களுக்கு மேல் ஆழமாகிறது. உலகின் இயற்கைத் துறைமுகங்கள் சிலவற்றிலேயே கரைக்கு இவ்வளவு கிட்ட இத்தகைய ஆழம் உண்டு. விந்துத் திமிங்கிலங்கள் ஆழத்துக் கணவாயைத் தேடி இங்கே வருவதற்கும், மார்ச் தொடக்கம் நீலத் திமிங்கிலங்களை நாம் காண்பதற்கும் இந்தச் சரிவு ஒரு காரணம். பிஸ்கேயின் தென்மூலையிலும் கப்பிரெத்தோன் என்ற இத்தகைய பள்ளத்தாக்கு உண்டு. அந்தக் குடாவும் திமிங்கிலங்களுக்குப் பெயர் பெற்றதே. மாஸ்டர் அன்று பறவைகள் எவற்றையாவது கண்டீர்களா?

கப்பலின் வேகத்தைப் பற்றி இயந்திர அறை அண்ணா எழுதியதில் ஒரு விடயத்தைச் சேர்க்க வேண்டும். 16 கடல் மைலிலிருந்து 12க்கு இறங்குவது கரண்டிக்கு மட்டும் நன்மையல்ல. மெதுவாகப் போகும் கப்பலிலிருந்து திமிங்கிலம் விலக நேரம் கிடைக்கும். மோதினாலும் உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம். நீருக்குள் இரைச்சலும் பெரும்பாலும் குறையும். இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பற்பாதை நீலத் திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் ஊடாகப் போகிறது என்பது நீண்ட காலத் துயரம். 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் சரக்குக் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளி அனுப்பத் தொடங்கியது. மாஸ்டரின் கப்பலும் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வரும்போது அந்த முனையைச் சுற்றித்தான் வந்திருக்கும். அன்று அது எந்த வேகத்தில் வந்தது என்று அறிய ஆவல்.


உவர்மலை வாசி
ஓகஸ்ட் 4, இரவு 8.05

பறவைகளைக் கண்டேன் தம்பி. சிறகின் நுனி மட்டும் மை தொட்டது போலக் கறுத்திருந்த பெரிய வெள்ளைப் பறவைகள் ஐந்தாறு, கப்பலுக்கு வலப்பக்கமாக உயரத்திலிருந்து அம்பு போல நீருக்குள் விழுந்தன. திமிங்கிலம் ஒன்றும் தெரியவில்லை. தெரியும் என்று மூன்று மணி நேரம் நின்றேன். தேவேந்திரமுனையைக் கடந்தபோது இரவு. ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர வேகத்தைப் பார்க்கவில்லை.


குடாக்கரை
ஓகஸ்ட் 4, இரவு 8.30

நீங்கள் கண்டவை கன்னெற் (gannet) என்னும் கடற்பறவைகளாக இருக்கும். அவை விழுந்த இடத்தில் மீன் கூட்டம் இருந்தது என்பது உறுதி.


சல்லிக் கரை
ஓகஸ்ட் 4, இரவு 9.10

அதைச் சொல்லப் படிப்பு எதற்கு? பறவை விழுந்தால் மீன்.

மாஸ்டர், இது சோளகக் காலம். நிலத்திலிருந்து காற்று வருவதால் நம் பக்கக் கடல் இப்போது படுத்திருக்கிறது. வாடை தொடங்கினால் கார்த்திகை, மார்கழியில் நீங்கள் கேட்டாலும் ஏற்றமாட்டேன். ஒரு நாள் விடியற்காலை பவுல் முனை வெளிச்சவீட்டைத் தாண்டிப் போய் வருவோம். நிறம் மாறும் இடத்தைக் காட்டுகிறேன். எங்கள் படகின் வெளியிணைப்பு இயந்திரம் எந்தப் பாகையிலும் கரண்டியை ஆட்டும், நிற்காது.


பாலையூற்றுப் பெண்
ஓகஸ்ட் 4, இரவு 10.40

மாஸ்டர் பதில் எழுதியதற்கு நன்றி. மூக்குப்பேணிக் கதையை என் கணவருக்கு அனுப்பினேன். விரிப்பு எண்ணுகிற இடத்தில் நின்று சிரித்ததாக எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் முதற் பதிவை இன்று மறுபடியும் வாசித்தேன். சத்தம் நின்ற அன்று உங்கள் அக்கா கப்பலின் கோப்பையிலேயே பால் குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது நாளும் பேணியில் குடித்தவர் அன்று மட்டும் ஏன் கோப்பையில் குடித்தார்? அப்போது பேணி எங்கே இருந்தது? பொருட்களை அடுக்கத் தொடங்கியிருந்தார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.


இயந்திர அறை
ஓகஸ்ட் 4, இரவு 10.52

சேர், எனக்கும் இப்போது நெஞ்சு இடிக்கிறது.


உவர்மலை வாசி
ஓகஸ்ட் 5, மாலை 7.15

இன்று இலண்டனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அன்று விடியற்காலை மூன்றரை மணியளவில் உறக்கம் கலைந்ததாகவும், இறங்கும் நாளில் பேணியை மறந்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்ததாகவும், எழுந்து கரண்டியையும் பேணியையும் ஒரு பழைய சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படுத்ததாகவும் அக்கா சொன்னார். சற்று நேரத்தில் நான் எழுந்து திரையை விலக்கியதைப் பார்த்து, துறைதான் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக் கேட்டாராம். சத்தம் நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. அப்படி ஒரு சத்தம் இருந்ததா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

வேகம் குறைந்ததும், 48½ பாகையும், பச்சை நிறமும் நான் என் கண்ணால் கண்டவை. அவற்றில் மாற்றம் இல்லை.


இயந்திர அறை
ஓகஸ்ட் 5, மாலை 7.40

வேகம் குறைந்த நேரம் உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா சேர்? தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்தது விடிந்த பிறகுதானே? அக்கா பேணியைச் சுற்றி வைக்காமல் இருந்திருந்தால், அது நான்கு மணிக்கு நின்றிருக்குமா, ஆறு மணிக்கா, அல்லது நிற்காமலே இருந்திருக்குமா என்பது இனி ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. என் விளக்கத்தை நான் மீளப் பெறவில்லை.


சல்லிக் கரை
ஓகஸ்ட் 5, இரவு 8.00

மாஸ்டர், ஞாயிறு காலை நாலரைக்குச் சல்லி அம்மன் கோயிலடிக்கு வாருங்கள். பேணி வேண்டாம், தண்ணீர் போத்தல் கொண்டுவாருங்கள்.